நாலு ஊர்த் தண்ணீர்

மழை பொய்த்துக் கண்மாய்களெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு சித்திரையில், கரிசல் காட்டுக்கு நடுவே புதிதாகக் கட்டி முடித்த வாட்டர் பார்க்கின் பெரிய குளத்துக்கு நாலு ஊர்களிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள்; ஊற்றிய தண்ணீர் ஒன்றோடொன்று கலக்கவில்லை. புங்கூரணித் தண்ணீர் பாசிப்பச்சையாக அலை மோட்டாரை ஒட்டி நின்றது. கொடுக்காய்க்குளத்துத் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்துப்போய் அதற்கடுத்து நின்றது. செம்மடைத் தண்ணீர் தன் மண்ணின் நிறத்தோடு நடுக்குளத்தைப் பிடித்துக்கொண்டது. மற்ற கிணறுகள் கைவிட்ட பிறகு கடைசியாக ஏற்றி வந்த மஞ்சணோடை காலனியின் போர்வெல் தண்ணீர், அடியில் பதித்த நீல ஓடுகளின் கீறல்கூடத் தெரியும்படி கண்ணாடியாக, வானத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சறுக்குக் குழாயின் வாய்க்கு நேர் கீழே நின்றது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வரப்பு வெட்டி விட்டதுபோல ஒரு கோடு.

அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேற்றூர்த் தண்ணீர் புது மருமகள் மாதிரி கொஞ்ச காலம் ஒதுங்கித்தான் நிற்கும், பிறகு சேர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு டேங்கர் டிரைவர் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். பார்க்கின் முதலாளி கோவர்த்தனன் கோயம்புத்தூர்க்காரர், மிஷினை நம்புகிறவர். ஃபில்டரைப் போடச் சொன்னார். தண்ணீர் வரிசையாக ஃபில்டருக்குள் போய் வரிசையாக வெளியே வந்து அதனதன் இடத்தில் நின்றுகொண்டது. அலை மோட்டாரைப் போடச் சொன்னார். நாலு நிறத்திலும் அலை எழுந்து, தோளோடு தோள் உரசிக்கொண்டு கரைவரை வந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று, கோடு மட்டும் கோணவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் திறப்பு விழா. அமைச்சர் வருகிறார் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லியாகிவிட்டது. வாசலில் வாயைப் பிளந்து நிற்கும் சிமெண்டுத் திமிங்கலத்துக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள், மிதவை டியூப்களுக்கு ஒருவன் பகலெல்லாம் காற்றடித்துக்கொண்டே இருந்தான், பிளாஸ்டிக் தென்னை மரங்களை நட்டுக் காற்றில் சாயாமல் கம்பி கட்டினார்கள்.

அமுதவல்லி மட்டும்தான் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பயந்தாள். அவள் அங்கே லைஃப்கார்டுகளுக்கெல்லாம் தலைமை. திருப்பூர்க் கார்ப்பரேஷன் நீச்சல் குளத்தில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கேதான் பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக்காக இருந்த வேல்ச்சாமியைப் பார்த்தாள், ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். தம்பியும் வேலைக்கென்று வெளியூர் போய்விட, செம்மடையில் இருந்த அவன் அம்மா சீனியம்மாள் தனியாகிவிட்டாள் என்று இருவரும் ஊருக்கே வந்து குடியேறினார்கள். பெண் யார், என்ன ஆட்கள் என்று ஊர் கேட்டபோது, அப்பா அம்மா இல்லாதவள், திருப்பூர்ப் பக்கம், நம்ம ஆட்கள்தான் என்று வேல்ச்சாமி சொன்னான். அதில் அப்பா அம்மா இல்லாதவள் என்பது மட்டும் உண்மை. அவள் பிறந்தது மஞ்சணோடை காலனியில். ஊர்க்கிணற்றில் இறங்கக்கூடாத பிள்ளைகளெல்லாம் கைவிட்ட கல்குவாரியில் விழுந்து நீந்தப் பழகிய அந்தக் காலனியிலிருந்து, அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அப்பா குடும்பத்தை மூட்டை கட்டிக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். செம்மடையில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பதை வேல்ச்சாமி ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான்: அவனுடைய சின்னையா குருவையா முன்பு ஒரு பெண் விஷயத்தில் கூட்டம் கூட்டியவர் என்று. அந்தப் பெண் பிறகு எங்கே என்று அமுதவல்லி கேட்டதற்கு அவன் எழுந்து போய்விட்டான்.

தண்ணீருக்கு ஆள் தெரியும் என்பது பயிற்சியில்தான் வெளியே வந்தது. லைஃப்கார்டு வேலைக்குச் சேர்ந்திருந்த கொடுக்காய்க்குளத்துப் பெண் முத்துமீனா தன் ஊர்த் தண்ணீரில் நன்றாக நீந்தினாள். கோட்டைத் தாண்டிச் செம்மடைத் தண்ணீருக்குள் கையை வீசியதும் அந்தத் தண்ணீர் பெரிய மனிதர்களுக்கு வழி விடுவதுபோல இரண்டு பக்கமும் விலகிக்கொண்டது, அவள் பொத்தென்று தரை ஓட்டில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க, நடுவே காய்ந்த தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். செம்மடைப் பையன் ஒருவனை இறக்கிப் பார்த்தார்கள். செம்மடைத் தண்ணீர் அவனைக் கட்டிக்கொண்டது, மற்ற மூன்றும் ஒதுங்கின. கோவர்த்தனன் தானே பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார். நாலு தண்ணீரும் அவரைத் தொடவில்லை. குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் பாலீஷ் போட்ட ஷூவோடு நடந்து போய் ஏறிய அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, இதற்கும் ஒரு வழி செய்யலாம் என்றார். ஒடிசாப் பையன்களுக்கு அது வசதியாகப் போயிற்று. தண்ணீரை இறைக்காமலே உள்ளே போய் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டு வந்தார்கள்.

அன்று சாயந்திரம் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது அமுதவல்லி சறுக்குக் குழாயின் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு விரலை மட்டும் அந்தக் கண்ணாடித் தண்ணீரில் வைத்தாள். தண்ணீர் விரலோடு நிற்கவில்லை. கை வழியாக முழங்கை வரைக்கும் ஏறிவந்து, ஏறிய இடத்திலேயே நின்று, நீ எங்கே போய்விட்டாய் என்று கேட்பதுபோல மினுங்கியது. அவள் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்து கரையிலேயே நின்று விசில் ஊதித்தான் பயிற்சி கொடுத்தாள். காதில் சீழ், டாக்டர் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள்.

செய்தி பரவியதும் ஊர்கள் கிளம்பி வந்தன. வேலை இல்லாத கோடை. பருத்திக் காடு காய்ந்து கிடக்க, தங்கள் ஊர்த் தண்ணீர் ஒரு பணக்காரக் குளத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க டிராக்டரில் ஏறி வந்தார்கள். அவரவர் தண்ணீரின் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். புங்கூரணிக்காரர்கள் தங்கள் தண்ணீருக்குச் சந்தனம் தெளித்தார்கள். கொடுக்காய்க்குளத்தார், வெளுப்பு என்றாலும் பருப்பு வேகிற தண்ணீர் எங்களுடையதுதான் என்று யாரும் கேட்காமலே சொன்னார்கள். செம்மடைக்காரன் என்று இத்தனை காலமும் மீசை முறுக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் புங்கூரணித் தண்ணீர் கட்டிப்பிடித்து நனைத்துவிட, அவர் அந்த ஊர்த் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த கதை வெளியே வந்து ஊரே சிரித்தது. எல்லோரும் சிரித்தார்கள். அமுதவல்லி தண்ணீரின் ஓரத்திலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

குருவையாவுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. யார் யார் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தண்ணீரே நிறுத்தி வைத்திருக்கிறது, மனுசன் செய்தால் போலீசு கேசு என்பான், தண்ணீர் செய்வதை யார் என்ன சொல்ல முடியும் என்று கோவர்த்தனனிடம் சொன்னார். கயிறு கட்டி ஊருக்கு ஒரு பாத்தி என்று விட்டுவிடலாம், ஆனால் அந்தக் காலனித் தண்ணீர் மட்டும் ஒரே குளத்தில் இருக்கக் கூடாது, இறைத்து ஓடையில் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மூன்று ஊரிலிருந்தும் ஒரு குஞ்சும் வராது என்றார். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். போகிற போக்கில் கரையில் நின்றிருந்த அமுதவல்லியின் பக்கம் திரும்பி, "என்ன தாயி, ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் குடுக்க. ஒன்ன ஒரு நா கூடத் தண்ணியில பாக்கலையே" என்றார்.

காதில் சீழ் என்று அவள் சொன்னாள். சீழ் ஆறட்டும், எங்கே போகப் போகிறது தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடுகளை அழித்தது சண்முகக்கனி என்ற செம்மடைக்காரி. அவள் பிறந்த ஊர் புங்கூரணி. கல்யாணமாகி வந்த பிறகு தாய்வீட்டோடு ஏதோ மனத்தாங்கல், போக்குவரத்தே நின்றுபோயிருந்தது. புங்கூரணித் தண்ணீர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை ஒரு தடவை தொட்டுவிட்டாவது வருகிறேன் என்று வந்தவள், கொசுவத்தைச் செருகிக்கொண்டு செம்மடைத் தண்ணீரில் இறங்கினாள். அது அவளை நனைத்தது. நடந்து போனாள். கொடுக்காய்க்குளத்துத் தண்ணீர் விலகி வழிவிட்டது. புங்கூரணித் தண்ணீருக்குள் கால் வைத்ததும் அதுவும் அவளை நனைத்தது. அவள் அதை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத் திரும்பியபோது அவள் சேலையில் இருந்த செம்மடைத் தண்ணீரும் புங்கூரணித் தண்ணீரும் ஒன்றாகச் சொட்டின, சொட்டிய இடத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த முறைப்பு நெகிழ்ந்து கரைந்தது. ஆண்களுக்கு ஒரு தண்ணீர்தான். வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு இரண்டு என்பது அதற்குப் பிறகு எல்லோருக்கும் விளங்கியது, விளங்கியதும் மூன்று ஊர்ப் பெண்களும் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். கொடுக்காய்க்குளத்தில் பிறந்து செம்மடையில் வாழ்பவர்கள், செம்மடையில் பிறந்து புங்கூரணியில் சோறு பொங்குபவர்கள், குளம் என்ற ஒன்றில் அதுவரை இடுப்புக்கு மேல் இறங்கியே இராதவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், மஞ்சள் தாலிக்கயிறு நிறம் மாறாதவர்கள், எல்லோரும் சேலையோடு இறங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்கள், நடந்து நடந்து தாய்வீட்டுத் தண்ணீரைப் புருஷன் வீட்டுத் தண்ணீரோடு சேர்த்தார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று நிறமும் ஒரே நிறமாகிவிட்டது. ஃபில்டர் அதற்குப் பிறகுதான் ஃபில்டராக வேலை செய்தது. மறுநாள் குளம் முழுக்க ஒரே தெளிவாக இருந்தது; கலந்த தண்ணீர் மூன்று ஊரில் யார் இறங்கினாலும் விலகாமல் நனைத்தது.

ஆனால் மஞ்சணோடை காலனியிலிருந்து இந்த மூன்று ஊர்களுக்கும் வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஒருத்தியும் இல்லை. இருந்த ஒருத்தி கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கரையில் நின்றாள்.

காலனிப் பெண்களும் அன்று வந்தார்கள். திமிங்கலத்தின் வாயிலேயே குருவையாவின் ஆட்கள் அவர்களை நிறுத்திவிட்டார்கள். திறந்த பிறகு வாருங்கள், இன்னும் வேலை நடக்கிறது என்றார்கள். அமுதவல்லி போய்ப் பார்த்தாள். முன்னால் நின்ற பெண்ணைக் கண்டதும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்பாவின் கூடப்பிறந்தவள் மாடத்தி, அதே அகன்ற நெற்றி, அதே முன்பல். மாடத்தியும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள், அவள் தாலியைப் பார்த்தாள், குருவையாவின் ஆட்கள் அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டாள். அமுதவல்லி வாயைத் திறந்தாள். அத்தை என்ற சொல்லை அவள் இந்த ஊரில் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். சொல்லாமல், இப்படி வாங்க என்று மட்டும் சொல்லி, மோட்டார் அறைப் பக்கமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் சறுக்குக் குழாயின் கீழே நின்று தங்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. மாடத்தி மட்டும் ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு, முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல அமுதவல்லியிடம் சொன்னாள்.

"நல்லாருக்கியளாம்மா. எங்க ஊர்த் தண்ணி, பாத்துக்கிடுங்க."

அந்தத் தண்ணீரை இறைக்க முடியாது என்பது கோவர்த்தனனுக்குத் தெரியும். இறைத்துவிட்டால் சறுக்கு விழும் இடம் வெறும் ஓடு. வேறு தண்ணீர் எங்கும் இல்லை. சறுக்கைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. ஆகவே குருவையாவிடம் இறைத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். தெளிந்த குளத்தில் கோடு எதுவும் கண்ணுக்குத் தெரியாததால் குருவையாவும் நம்பினார், சொல்லச் சொல்லக் கோவர்த்தனனும் தன் பொய்யைத் தானே நம்பத் தொடங்கினார். மணல் மூட்டை ஒன்றைச் சறுக்கில் விட்டுப் பார்த்தார், அது தண்ணீரில் அழகாக விழுந்து மூழ்கியது. மூட்டைக்கு ஊர் இல்லை, ஆள் விழுந்தால் விலகிவிடும் சார், அவ்வளவு உயரத்திலிருந்து வருகிறவர்கள் ஓட்டில் விழுவார்கள் என்று அமுதவல்லி சொன்னாள். எல்லாம் கலந்துவிட்டது, நீங்கள் வேண்டுமானால் இறங்கிக் காட்டுங்களேன் என்றார் அவர். அவள் இறங்கவில்லை. உங்களுக்கே பயம் இருந்தால் நான் யாரை நம்பித் திறப்பது என்று கேட்டார். சறுக்கு இல்லாமல் பார்க் இல்லை, பார்க் இல்லாமல் அவர் இல்லை, அவ்வளவுதான் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தூங்கிப் பல நாள் ஆனவர்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் மோட்டார் அறைக்குப் போனாள். பார்க்கிலேயே மெக்கானிக்காகச் சேர்ந்திருந்த வேல்ச்சாமி அலை மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். ஆள் இல்லாத இடத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"வேலு. நான் ஒரு தடவ குறுக்க நடந்தாப் போதும். கலந்துரும்."

அவன் கிரீஸ் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "நடந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

"யாரும் இல்லாதப்ப நடக்கேன்."

"யாரும் இல்லாதப்பன்னு ஒண்ணு இங்க இருக்கா? சின்னையா ஆளுக கரையிலதான் படுக்கானுக. ஒன்னையத்தான் பாத்துக்கிட்டிருக்கானுக அமுதா, தண்ணிய இல்ல."

நாம் திருப்பூருக்கே போய்விடலாம் என்றான். வெள்ளிக்கிழமை முடியட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகாது, சறுக்கில் முதல் ஆளை விடாமல் நான் ஏதாவது ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறேன் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு அவளுக்காகத்தான் பயம், தனக்காகவும் கொஞ்சம். அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முத்துமீனாவைத்தான் முதலில் விடப்போகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே அனல் அடித்தது. வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு தொங்கவிட்டு, திமிங்கலத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மேளமும் நாதஸ்வரமும் ஒரு பக்கம், மைக்செட்டு ஒரு பக்கம். மூன்று ஊர் ஜனமும் குளத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது. காலனி ஜனம் வேலிக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றது. சீனியம்மாள் மருமகள் வேலை பார்க்கிற இடம் என்று அரக்குப் புடவை கட்டி, காதில் பாம்படம் தொங்க, முன்வரிசையில் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்த பிறகு கரிமூட்டம் போட்டுக் கரி விற்று இரண்டு பையன்களை வளர்த்தவள். பேச்சுக் குறைவு, பேசினால் திருப்பி வாங்குகிற பழக்கம் இல்லை. குருவையா அவள் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

அமைச்சரின் கார் சாலை விலக்கைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. அவர் உள்ளே வரும்போது சறுக்கிலிருந்து ஒரு பெண் வந்து குளத்தில் விழ வேண்டும், ஃபோட்டோ எடுப்பவரை அப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள். முத்துமீனா உச்சியில் சிவப்புப் பனியனோடு உட்கார்ந்திருந்தாள், கீழேயிருந்து பார்க்க ஒரு மிளகாய் அளவுதான் தெரிந்தாள். வேல்ச்சாமி ஃபியூஸைப் பிடுங்கத்தான் செய்தான். குழாயில் ஓடும் தண்ணீர் நிற்கவில்லை, கோவர்த்தனன் ஜெனரேட்டரை முன்னமே போடச் சொல்லியிருந்தார். அவர் கையில் பச்சைக்கொடி இருந்தது. அமுதவல்லி விசிலை ஊதினாள். மேளச் சத்தத்தில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. கொடி ஏறியது. உச்சியில் இருந்த சிவப்பு மறைந்தது.

குழாய்க்குள் அந்தப் பெண் வந்துகொண்டிருந்தாள். வளைவு வளைவாக, அவள் வரும் இடம் தெரியும்படி குழாய் அதிர்ந்தது. அப்போது வேல்ச்சாமி மோட்டார் அறையிலிருந்து ஓடிவந்து, யாரையும் பார்க்காமல், சறுக்கு விழும் இடத்தில் குதித்தான். தண்ணீர் விலகியது. ஆள் உயரத் தண்ணீருக்கு நடுவே காய்ந்த ஓட்டில் அவன் நின்று, குழாயின் வாயைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துப் பிடித்தான், மேலிருந்து வருகிற ஒரு ஆளை வெறுங்கையால் ஏந்திவிடலாம் என்பதுபோல. மூன்று ஊர் ஜனமும் அதைப் பார்த்தது. கலந்த தண்ணீர் அவனை நனைத்திருக்க வேண்டும். இது நனைக்கவில்லை. மேளம் தானாக நின்றது.

"அந்தத் தண்ணி இன்னும் கெடக்குடே" என்று குருவையா சொன்னது அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

அமுதவல்லி அப்போது எதையும் யோசிக்கவில்லை என்றுதான் பிற்பாடு சொன்னாள். அவன் நிற்கிற இடத்தைப் பார்த்தாள், குழாயின் கடைசி வளைவு ஆடுவதைப் பார்த்தாள், விசிலைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுக்குளத்தில் பாய்ந்தாள். அங்கே கலந்திருந்த செம்மடைத் தண்ணீர், இத்தனை வருஷம் அவள் குடித்து, சமைத்து, துணி துவைத்த தண்ணீர், அவளைத் தோள்வரை நனைத்தது. அதை இழுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தாண்டினாள். காலனித் தண்ணீர் அவளுக்கு விலகவில்லை. காத்திருந்ததுபோல எழுந்தது, அவள் இடுப்பைச் சுற்றியது, கழுத்தைச் சுற்றியது, தலைமுடிக்குள் புகுந்தது. இரண்டு தண்ணீரும் அவள் மேலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, அவள் போன வழியெல்லாம் குளம் மூடிக்கொண்டே வந்து, வேல்ச்சாமியின் கால்களைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது, மார்புக்கு ஏறியது. பிறந்ததிலிருந்து அவனைத் தொடாத தண்ணீர் அது. அவன் மூச்சுத் திணறிச் சாய்ந்தான், அவள் அவனைச் சட்டையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தாள், இழுத்த இடத்தில் முத்துமீனா வந்து விழுந்தாள். தண்ணீர் பனை உயரத்துக்குத் தெறித்தது. அந்தப் பெண் அடிவரை போய், ஓட்டைக் காலால் உதைத்து, மேலே வந்து, மூக்கைச் சிந்திவிட்டு, என்ன எல்லாரும் பேசாம நிக்கிய என்று கேட்டாள்.

எல்லோரும் அமுதவல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தண்ணீர் நனைத்தால் எந்த ஊர், இரண்டு தண்ணீர் நனைத்தால் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்று அந்த வாரம் முழுக்கப் படித்திருந்த ஜனத்துக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேல்ச்சாமி குளத்துக்குள்ளேயே அமுதவல்லிக்கு முன்னால் வந்து நின்றான், நனைந்த சட்டையோடு, சின்னையாவைப் பார்த்தபடி. அவன் நகரவில்லை.

குருவையா சத்தம் போடவில்லை. தன் அண்ணன் மனைவியின் நாற்காலி முதுகில் கை வைத்துக்கொண்டு, "மதினி, எந்திரிங்க. போவோம். மத்ததை வீட்ல வச்சுப் பேசிக்கிடலாம்" என்றார்.

சீனியம்மாள் எழுந்தாள். எழுந்தவள் வாசலைப் பார்த்து நடக்காமல் குளத்தைப் பார்த்து நடந்தாள். படிக்கட்டு வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குருவையா மறுபடியும் மதினி என்றார், இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. அவரோடு நின்றவர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள். ஆனால் அவர்கள் முன்னால் சண்முகக்கனி நின்றாள், அவளுக்குப் பக்கத்தில் இன்னும் சில பெண்கள் நின்றார்கள், ஒருத்தியும் வழிவிடுகிறேன் என்று காட்டிக்கொள்ளவில்லை. குருவையா தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திமிங்கலத்தின் வாய் வழியாக வெளியே போனார், உள்ளே வந்துகொண்டிருந்த அமைச்சருக்குக் கும்பிடு போடக்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இவர்களுக்குச் சொல்லிவிடவில்லை. விழாவுக்கு வந்திருந்த வேல்ச்சாமியின் தம்பியும் அவரோடு போனான், வெகு காலம் பேச்சில்லை.

சீனியம்மாள் அரக்குப் புடவையோடு படி இறங்கினாள். தண்ணீர் அவளைக் கணுக்காலில் நனைத்தது, முழங்காலில் நனைத்தது. அது இப்போது ஒரே தண்ணீராக இருந்தது, யாரையும் விசாரிக்காத தண்ணீர். அவள் மகனைப் பார்க்கவில்லை. மருமகளுக்கு நேராக வந்து, இடுப்பளவில் நின்றுகொண்டு, கோபமா துக்கமா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு அவளை நெடுநேரம் பார்த்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறாள் என்று அமுதவல்லி நினைத்தாள். கையை ஓங்கப் போகிறாள் என்றும் நினைத்தாள், ஓங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

சீனியம்மாள் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தாள். அங்கே தரை சரிவாக இருந்தது, கால் நழுவியது. கையை நீட்டினாள்.

"பிடி" என்றாள். "எனக்கு நீச்சல் தெரியாது."